பொருளை வினவி வகையறிதல்

மாலை மங்கிய வேளையில் வயற்காவலுக்குச் செல்லும் ஒருவன், தொலைவிலே நிமிர்ந்து நிற்கும் உருவொன்றைக் காண்கின்றான். அது பட்டமரத்தின் குற்றியோ மனிதனோ எனத் துணிய அவனால் இயலவில்லை. வன்னியின் காட்டோரக் கிராமங்களில் அது கரடியாகவும் இருத்தல் கூடும்; ஆதலின் இவ்வையம் அங்கு ஏட்டளவில் நிற்பதன்று. தொல்காப்பியர் இதனைக் கிளவியாக்கத்திலே இலக்கணச் சிக்கலாக எடுத்துக்கொண்டார். உயர்திணையோ அஃறிணையோ என ஐயுற்றவிடத்து, துணிவு பிறக்குங்காறும் இரண்டற்கும் பொருந்தும் பொதுச்சொல்லாற் சுட்டுக என்பது அவர் காட்டிய வழி. 'உரு' என்பது அத்தகைய பொதுச்சொல். துணிவு பிறந்தபின் 'நின்றான்' என்றோ 'நின்றது' என்றோ வினைமுற்றின் ஈறே திணையைப் புலப்படுத்திவிடும். மாறிச் சொல்லின் அது திணைவழு.

தருக்க நூலாரும் ஐயத்துக்கு இதே குற்றியையும் மகனையுமே எடுத்துக்காட்டுவர். அவர்கள் அத்துடன் அமையாது, உலகத்திலுள்ள யாவற்றையும் சில பதார்த்தங்களுள் அடக்க முயன்றனர். பழைய வைசேடிகர் பொருள், குணம், தொழில், பொதுமை, சிறப்பு, சமவாயம் என ஆறு கொண்டனர். பின்வந்தோர் அபாவம், அஃதாவது இன்மை, என்பதனை ஏழாவதாகச் சேர்த்தனர். சிவஞான முனிவர் தமிழிற் பெயர்த்துத் தந்த அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகமும் இவ்வேழினையே கூறும். இல்லாததற்கும் தனியிடம் எதற்கு என்று மாணாக்கர் நகைப்பதுண்டு. 'நிலத்திற் குடமில்லை' என்னும் அறிவு நிலத்தைப் பற்றியதுமன்று, குடத்தைப் பற்றியதுமன்று. அதற்கெனத் தனிப்பொருள் வேண்டும் என்பது தருக்கர் விடை. அவ்விடையின் அருமை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், அவர்கள் கனவிலும் கருதாத ஒரு துறையிலே வெளிப்பட்டது. அத்துறை கணினி மொழி.

கணினியின் நினைவகத்தில் உள்ளவை சுழியும் ஒன்றும் ஆகிய இரு குறிகளே. ஒரே குறித்தொடர் ஓரிடத்தில் எண்ணாகவும், பிறிதோரிடத்தில் எழுத்தாகவும், மற்றோரிடத்தில் வேறொரு நினைவிடத்தின் முகவரியாகவும் கொள்ளப்படும். குறித்தொடரை மட்டும் நோக்கி அஃது இன்னதெனச் சொல்ல எவராலும் இயலாது. எனவே வகையை எங்கேயாயினும் குறித்து வைத்தல் வேண்டும். இதற்கு இரு நெறிகள் தோன்றின. செய்நிரல் ஓடுமுன்னரே ஒவ்வொரு பெயரும் எவ்வகைப் பொருளைத் தாங்கும் என அறுதியிட்டுக் கூறிவிடுவது ஒன்று. பெயருக்கு வகை கூறாது, பொருளின்மீதே அதன் வகையைப் பொறித்து, செய்நிரல் ஓடும்பொழுது 'நீ எவ்வகை?' என அதனையே வினவிக்கொள்வது மற்றொன்று. பின்னதனை இயங்குநிலை நெறி என்பர்.

முதல் நெறியின் மூத்த மொழியாகிய போர்ட்ரான், ஐ.பி.எம். நிறுவனத்திலே 1957 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் விதி வியப்பானது. வேறு கூறப்படாதவிடத்து, பெயரின் முதலெழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் 'ஐ' முதல் 'என்' வரையுள்ள ஆறெழுத்துக்களுள் ஒன்றாயின் அது முழுவெண். மற்றெழுத்தாயின் பின்னமும் ஏற்கும் எண். தமிழ் சொல்லின் இறுதியைக் கொண்டு பாலறியும். போர்ட்ரான் பெயரின் முதலைக் கொண்டு வகையறிந்தது. எளிமையான ஏற்பாடுதான். ஆயினும் ஒரு பெயரை எழுத்துப்பிழையுடன் எழுதினால் அப்பிழையும் ஒரு புதுப் பொருளாகி, வகையும் பெற்றுவிடும் என்பதனைப் பலர் துன்பப்பட்டே அறிந்தனர்.

இரண்டாம் நெறிக்கு வித்திட்டவர் ஜோன் மக்கார்த்தி. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1958 ஆம் ஆண்டு அவர் தொடங்கிய லிஸ்ப் என்னும் மொழி ஐந்து அடிப்படைத் தொழில்களின்மேல் நிற்பது. 1960 இல் வெளியான அவரது கட்டுரை அதனை விளக்கிற்று. அவ்வைந்தனுள் ஒன்று 'அற்றம்' என்பது. கையிலுள்ள பொருள் பிரிக்கலாகாத அணுவோ, அன்றிப் பலவற்றைக் கோத்த கோவையோ என வினவுவதே அதன் வேலை. ஆகவே ஓடும் செய்நிரல் தன் கையிலுள்ள பொருளின் வகையை வினவுதல் இம்மொழிக் குடும்பத்தின் பிறப்பிலேயே உள்ளது. ஐயத்தின் வித்தும் அங்கேயே இருந்தது. லிஸ்ப் மொழியின் 'நில்' என்பது ஒன்றுமில்லாத வெறுங்கோவை; ஆயின் அணுவோ என வினவினால் ஆம் என்றும் விடைகூறும். இன்மை இரு வீட்டிலும் உறவு கொண்டாடிற்று.

அடுத்த பெரும்படி ஸ்மோல்ரோக். அலன் கே, டான் இங்கல்ஸ் முதலியோர் சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வகத்தில் 1972 முதலாக அமைத்த மொழி இது. இதில் யாவும் பொருள். எண்ணும் பொருள், எழுத்தும் பொருள். ஒவ்வொன்றும் ஒரு குலத்திற் பிறந்தது. உன் குலம் யாதென்று கேட்டால் மறைக்காமற் சொல்லும். இன்ன குலத்தினையோ எனவும் வினவலாம். இன்ன ஏவலுக்கு விடை தருவையோ எனவும் வினவலாம். இவ்விரு வினாக்களும் ஒன்றல்ல. முன்னது பிறப்பைக் கேட்பது. பின்னது தொழிலைக் கேட்பது. பிற்காலத்துச் சண்டைகள் யாவும் இவ்விரண்டன் இடையிலேயே நிகழ்ந்தன.

இனி, உலகில் மிகப் பரவிய இயங்குநிலை மொழியாகிய ஜாவாஸ்கிரிப்ட்டின் வரலாறு விரித்துரைக்கத்தக்கது. நெட்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் என்பவர் 1995 ஆம் ஆண்டு மே மாதத்தில் பத்து நாட்களில் அதன் முதல் வடிவை ஆக்கினார். வலைப்பக்கங்களுக்குச் சிறு அசைவும் சிறு சோதனையும் தருவதே அன்றைய நோக்கம். பத்து நாளிற் கட்டிய குடிசையில் உலகம் முழுவதும் வந்து குடியேறும் என்று எவர் கண்டார்?

அம்முதல் அமைப்பில் ஒவ்வொரு பெறுமானமும் ஒரு குறித்தொடராக வைக்கப்பட்டது. தொடரின் கடைசிச் சில இடங்கள் வகையைக் காட்டும் முத்திரை. முழுவெண்ணுக்கு ஒரு முத்திரை, சரத்துக்கு ஒன்று, மெய்பொய்க்கு ஒன்று என வகுத்தனர். எழுத்துக்களின் தொடரையே இந்நாட்டுப் பாடநூல்கள் சரம் என்று வழங்கும். 'பொருள்' என்னும் வகைக்கு உரிய முத்திரை மூன்று சுழிகள். இனி, எப்பொருளும் இல்லை என்பதைக் குறிக்க 'நல்' என்றொரு பெறுமானம் இருந்தது. அஃது எல்லா இடத்தும் சுழியாகவே எழுதப்பட்டது. எங்கும் சுட்டாத முகவரி என்பது அதன் கருத்து. 1996 இல் வெளியான பதிப்பில் 'டைப்-ஒஃப்' என்னும் வினாச்சொல் மொழியிற் சேர்ந்தது. அது முத்திரையை நோக்கிற்று. 'நல்'லின் இறுதியில் மூன்று சுழிகளைக் கண்டது. 'பொருள்' என விடை தந்தது. அபாவம் திரவியத்துள் அடக்கப்பட்டது.

இதனைச் சிறு கவனக்குறைவு என ஒதுக்குதல் எளிது. ஆயின் விளைவு சிறிதன்று. ஒரு செய்நிரல் 'இது பொருளோ' என வினவி, 'ஆம்' என்னும் விடையை நம்பி, அப்பொருளின் உள்ளுறுப்பைத் தேடும். உள்ளே ஒன்றுமின்மையால் நின்றுவிடும். இன்மையைச் சுட்டும் முகவரியை 1965 இல் அல்கோல் டபிள்யூ என்னும் மொழிக்கென அமைத்த ரோனி ஹோர், தாம் செய்தது நூறு கோடி டொலர்ப் பிழை என 2009 ஆம் ஆண்டு இலண்டன் மாநாடொன்றில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஐக் அமைத்த மொழியிலோ இன்மை இருந்தது மாத்திரமன்று, தன்னை உளதென்றும் சொல்லிற்று.

திருத்தியிருக்கலாமே எனின், திருத்தவில்லை. 1997 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இம்மொழிக்கு எக்மா என்னும் தரநிர்ணய அமைப்பு முதலாவது விதிநூல் வெளியிட்டது. அதனுள் இப்பிழையும் விதியாக ஏறிற்று. பின்னாளில் 'நல்' என்பதற்கு அதன் பெயரையே விடையாகத் தரலாம் என முன்மொழியப்பட்டது. குரோம் உலாவியின் இயந்திரத்தில் சோதனையும் செய்யப்பட்டது. ஆனால் பிழையான விடையை எதிர்பார்த்து எழுதப்பட்ட பக்கங்கள் அதற்குள் எண்ணிலவாகப் பெருகிவிட்டன. திருத்தம் அவற்றை உடைத்தமையால் முன்மொழிவு கைவிடப்பட்டது. தமிழ் இலக்கணத்தில் வழு என்றும் வழுவமைதி என்றும் இரண்டு உண்டு. பசுவை வளர்த்தவன் அன்பு மிகுதியால் 'அம்மா வந்தாள்' என உயர்திணையாற் கூறின், அது வழுவாயினும் அமைத்துக்கொள்ளப்படும். அங்கே அமைதிக்குக் காரணம் உவப்பு. இங்கே காரணம் அச்சம்.

இதனினும் சிக்கலானது வரிசைகளைப் பற்றிய வினா. பல பெறுமானங்களை ஒழுங்காக நிறுத்திய தொகுதியை வரிசை என்க. பாடநூல்கள் அணி என்றும் கூறும். மொழியோடு உடன்பிறந்த பொருள்வகைகளுள் மிகுதியாக வழங்குவது இதுவே. ஆயினும் 'டைப்-ஒஃப்' வரிசையையும் வெறுமனே 'பொருள்' என்றே சொல்லும். நாளைக் குறிக்கும் பொருளையும் அவ்வாறே சொல்லும். எனவே வேறு வழிகள் தேடப்பட்டன. 1999 டிசெம்பரில் வெளியான மூன்றாம் விதிநூல் 'இன்ஸ்டன்ஸ்-ஒஃப்' என்னும் சொல்லைத் தந்தது. அது பிறப்பைக் கேட்பது: இப்பொருள் இன்ன ஆக்குநரின் வழித்தோன்றலோ? பலருக்கு அது போதியதாகத் தோன்றிற்று.

அது பொய்த்த இடம் எதிர்பாராதது. ஒரு வலைப்பக்கத்தினுள் மற்றொரு பக்கத்தைச் சட்டகமாகப் பதிக்கலாம். ஒவ்வொரு சட்டகமும் தனக்கெனத் தனியே ஒரு வரிசை ஆக்குநரையும் ஒரு மூலப்பொருளையும் உடையது. உள்ளிருக்கும் பக்கத்திற் பிறந்த வரிசை வெளிப்பக்கத்துக்கு வந்தால், வெளிப்பக்கம் தன் ஆக்குநரை மட்டுமே அறியுமாதலின், அதனை வரிசையன்று என மறுத்துவிடும். பொருள் மாறவில்லை, பிறந்த ஊர் வேறு, அவ்வளவே. மற்றுஞ் சிலர் தொழிலை நோக்கினர். நீளம் உண்டோ, வெட்டி ஒட்டும் தொழில் உண்டோ எனப் பார்த்து, உண்டாயின் வரிசை எனக் கொள்க என்றனர். டக்ளஸ் குரொக்போர்ட் 2008 இல் வெளியிட்ட சிறு நூலிலும் இத்தகைய சோதனையொன்று உண்டு. ஆனால் அவ்வடையாளங்களைத் தாங்கிய போலிப்பொருளை எவரும் செய்துவிடலாம். பொருளின் 'ஆக்குநர்' என்னும் உறுப்பை நேரே கேட்கலாமே எனின், அவ்வுறுப்பின்மேல் எவரும் எதையும் எழுதி மாற்றலாம். தானே தந்த சான்றிதழைத் தானே திருத்துவது போன்றது அது.

முடிவில் வழி பழைய விதிநூலினுள்ளேயே கிடந்தது. மொழியோடு பிறந்த ஒவ்வொரு பொருளின் உள்ளும் அதன் குலத்தைக் குறிக்கும் மறைமுத்திரை ஒன்று உண்டு என 1997 ஆம் ஆண்டு விதிநூலே கூறியிருந்தது. செய்நிரலால் அதனை எழுத முடியாது. நேரே படிக்கவும் முடியாது. மூலப்பொருளுக்குரிய 'சரமாக்கி உரை' என்னும் தொழிலுக்கு மட்டும் அது புலப்படும். அத்தொழிலைக் கடன்வாங்கி, ஐயத்துக்குரிய பொருளின்மேல் ஏவினால், சதுர அடைப்புக்குள் 'பொருள்' என்னும் சொல்லும் அதன்பின் அதன் மெய்யான குலப்பெயருமாக விடை வரும். எந்தச் சட்டகத்திற் பிறந்தாலும் வரிசை வரிசையென்றே உரைக்கும். மார்க் மில்லரின் பெயரால் இவ்வுபாயத்தை வழங்குவாரும் உளர். யூரி சைட்செவ் என்பார் 2009 சனவரி 10 ஆம் நாள் எழுதிய கட்டுரையொன்று 'இன்ஸ்டன்ஸ்-ஒஃப்' சொல்லின் குறையையும் இவ்வுபாயத்தின் வலிமையையும் விளக்கிப் பரவலாகப் படிக்கப்பட்டது.

அந்த நாள் வன்னிக்கு வேறொரு காரணத்தால் மறக்கலாகாதது. சனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் வீழ்ந்திருந்தது. 25 ஆம் நாள் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தது. இடைப்பட்ட நாட்களில் மக்கள் கையில் எடுத்ததோடு கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தனர். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபொழுது, எஞ்சியோர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தருகே மெனிக் பாம் முகாமிற் சேர்க்கப்பட்டனர். அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் எனப் பெயரிட்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும், காணி அனுமதிப்பத்திரமும் பலருக்கு வழியிலே போயின. முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட பின்னரும், 'நீ யார், உன் நிலம் எது' என்னும் வினாவுக்குக் கடதாசியில் விடை காட்ட இயலாதோர் இருந்தனர். வேறு மாவட்டத்துப் பதிவேட்டில் ஏறிய பிறப்பை இங்கே தேடிக் காணாமை, விதானையாரின் உறுதிக்கடிதம், அயலார் சத்தியக்கடதாசி, உத்தேச வயதுச் சான்றிதழ் என்பன அக்காலத்து வன்னியின் அன்றாடச் சொற்கள். மனிதருக்கு மறைமுத்திரை இல்லை. அயலார் சொல்லும், செய்த தொழிலும், பிறந்த இடத்துப் பதிவுமே சான்று. கணினிப் பொருள்கள் பெற்ற வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

அவ்வாண்டு டிசெம்பரிலேயே எக்மாவின் ஐந்தாம் விதிநூல் வெளிவந்தது. 'இது வரிசையோ' என ஐயமற வினவும் தொழிலொன்றை மொழியே தந்தது. பன்னிரண்டு ஆண்டாகத் தொடர்ந்த வினாவுக்கு ஒரு வரியில் விடை. ஆறாம் விதிநூலோ, 2015 சூனில், மறைமுத்திரை என்னும் கருத்தை நீக்கி, 'சரமாக்கி உரை' என்னும் தொழில் சொல்லும் பெயரைப் பொருளே தான் விரும்பியவாறு அமைத்துக்கொள்ள இடந்தந்தது. புதுப்பொருள் ஆக்குவோருக்கு அது வசதி. ஆனால் ஆறு ஆண்டுக்கு முன் உறுதியெனக் கொண்டாடப்பட்ட சான்று அன்றுமுதல் பொய்யும் சொல்லத் தகுதி பெற்றது. 'இன்ஸ்டன்ஸ்-ஒஃப்' என்பதன் விடையையும் ஆக்குநர் தம் விருப்பப்படி திருப்பலாம் என்றாயிற்று. வரிசைக்குத் தனியே அமைத்த வினா மாத்திரம் இவ்வேமாற்றுக்கு உட்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையும் குறிக்கத்தக்கது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் உலாவி 1997 இல் 'டொக்கியுமென்ட் ஓல்' என ஒரு பொருளைத் தந்தது. அப்பொருள் உண்டோ என வினவி, உண்டாயின் இது அவ்வுலாவியே எனத் துணிந்து வேறுவழி செல்லும் பக்கங்கள் பல எழுந்தன. பிற உலாவிகளும் அப்பொருளைத் தரவேண்டிய நிலை பின்னர் வந்தது. தந்தால் அப்பழைய பக்கங்கள் ஏமாறித் தவறான வழியிற் செல்லும். ஆகவே அப்பொருளை வைத்துக்கொண்டே, 'டைப்-ஒஃப்' வினவும்பொழுது 'வரையறுக்கப்படாதது' எனச் சொல்லச் செய்தனர். இன்மை தன்னைப் பொருளென்றது. இப்பொருள் தன்னை இன்மையென்கிறது. இதுவும் இப்பொழுது விதிநூலில் உண்டு.

பைத்தான் மொழியின் வரலாறு இத்துணை அல்லலுடையதன்று. கைடோ வான் ரோசம் 1989 டிசெம்பரில் அம்சரர்டாமிலே தொடங்கி, 1991 பெப்ரவரியில் முதன்முதல் வெளியிட்ட மொழி அது. அதில் இன்மைக்கு 'நன்' என்று பெயர். அதன் வகையை வினவினால் தனக்கென உள்ள தனிவகையையே சொல்லும். தருக்கர் ஏழாம் பதார்த்தம் கொண்டதற்கு நிகரான ஏற்பாடு. ஆனால் மெய்யும் பொய்யும் அம்மொழியில் 2003 வரை தனிவகை பெறவில்லை. பெற்றபொழுதும் முழுவெண்ணின் கிளைவகையாகவே பெற்றன. ஆதலின் மெய்யோடு மெய்யைக் கூட்டினால் இன்றும் இரண்டு வரும். உடன்பிறந்த வகைகளும் செய்நிரலர் ஆக்கும் குலங்களும் ஒரே இனமாக்கப்பட்டது 2001 இல் வெளியான இரண்டாம் வரிசைப் பதிப்பொன்றிலே. இதே காலத்தையொட்டி அலெக்ஸ் மார்ற்றெல்லி, வாத்தின் பிறப்பை ஆராயாதே, வாத்தைப்போற் கத்துகிறதோ என்பதை மட்டும் நோக்கு என்னும் பொருள்படக் கூறியது பழமொழி போலாயிற்று. தொழிலைக் கேட்கும் அக்கட்சி பல்லாண்டு செல்வாக்கோடு விளங்கியது. பின்னர் 2007 இல் வான் ரோசமும் ராலின் என்பாரும், இன்ன தொழில்களை உடையது இன்ன குலத்ததாகவே எண்ணப்படும் எனப் பிறப்பையும் தொழிலையும் இசைவிக்கும் ஏற்பாட்டை முன்மொழிந்தனர். சமரசம்தான், ஆயினும் நல்ல சமரசம்.

தமிழ் எழுதுவோரைப் பைத்தான் உண்மையில் வருத்தியது சரத்தின் வகையைப் பற்றியே. இரண்டாம் பதிப்பு வரிசையில் சரம் என்பது எழுத்தன்று. வெறும் பைட்டுக்களின் தொடர். யுனிகோட் சரம் என வேறொரு வகை தனியே இருந்தது. இரண்டும் சரமென்ற பொதுப்பெயரால் வழங்கி, ஆங்கிலம் மாத்திரம் உள்ளவிடத்து வேறுபாடின்றிக் கலந்தன. தமிழ் வந்ததும் செய்நிரல் முறிந்தது. 2008 டிசெம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு பைட்டையும் எழுத்தையும் கண்டிப்பாக வேறுபிரித்தது. இரண்டாம் வரிசைக்கான ஆதரவு 2020 சனவரி 1 ஆம் நாளோடு நின்றது. ஆனால் பிரித்ததனால் யாவும் தீர்ந்தன என்பதற்கில்லை. 'தமிழ்' என்னும் சொல் யூ.ரி.எஃப்-8 முறையில் 15 பைட்டு; பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் அதன் நீளம் 5 என்னும்; தமிழ்ப் பிள்ளையோ அதில் மூன்று எழுத்தையே காணும். மகரத்தின் மேலேறிய இகரக் குறியும் ழகரத்தின் புள்ளியும் யுனிகோட் அட்டவணையில் தனித்தனி எண் பெற்றமையே இதற்குக் காரணம். சரம் என்னும் வகை தமிழெழுத்து என்னும் வகையை அறியாது. முத்தையா அண்ணாமலை முதலியோர் ஆக்கிய 'ஓப்பன்-தமிழ்' என்னும் நிரற்றொகுப்பு சரத்தை உயிர்மெய்யோடு கூடிய எழுத்துக்களாகப் பிரித்துத் தருவது இக்குறையை நிரப்பவே.

அவரே 2007 இறுதியில் தொடங்கி 2009 இல் அறிவித்த 'எழில்' என்னும் கணினி மொழி, தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுத வாய்ப்பளித்தது. பைத்தானின்மேற் கட்டப்பட்ட இயங்குநிலை மொழி அது. அச்சிடுதற்குப் 'பதிப்பி'; முடிவுக்கு 'முடி'; நிபந்தனை முன்னே நின்று 'ஆனால்' பின்னே வரும். வினைமுதல் முன்னும் வினை பின்னுமாக அமையும் தமிழ் நடையைப் பேணியது அதன் சிறப்பு. ஆயினும் மாறிக்கு வகை கூறாமல் பொருளே வகையைத் தாங்கும் நெறியை அதுவும் பின்பற்றுதலின், ஓடுங்கால் வினவும் கடமை எழிலில் எழுதுவோருக்கும் உண்டு.

வன்னியில் இவை இன்று நூலிற் படிக்கும் செய்திகள் மாத்திரமல்ல. 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்த வவுனியா வளாகம் 2021 ஆவணி முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கணினிக் கல்வி அங்கே தொடக்கத்திலிருந்து வேரூன்றியது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர், தமிழ் மொழிமூலமே பைத்தானின் தரவுவகைகளைக் கற்கின்றனர்.

அத்தகைய மாணவனொருவன் தன் ஊர் மக்களின் தொலைபேசி எண்களைத் தொகுக்கும் செய்நிரல் எழுதுவதாகக் கொள்க. வவுனியாவின் தொலைபேசிக் குறியீடு 024. மேற்கோட்குறியின்றி அதனை ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய நடையில் எழுதினால், சுழியில் தொடங்கும் எண் எட்டின் அடியில் எழுதப்பட்டது என்னும், பெல் ஆய்வகத்து சி மொழியிலிருந்து வந்த மரபு குறுக்கிடும். இரண்டெட்டும் நான்கும் சேர்ந்து பெறுமானம் 20 ஆகிவிடும். பைத்தான் இரண்டாம் வரிசையிலும் அவ்வாறே. பைத்தான் மூன்றாம் வரிசை அவ்வெழுத்தை ஏற்காது பிழையென நிறுத்தும்; ஜாவாஸ்கிரிப்ட்டின் 2009 ஆம் ஆண்டுக் கண்டிப்பு நடையும் மறுக்கும். சரமாக எழுதிப் பின் எண்ணாக்கினால் 24 எஞ்சும். முன்னின்ற சுழி போய்விடும். 'டைப்-ஒஃப்' வினவினால் 20 உம் எண், 24 உம் எண். எதிலும் குற்றமில்லை என்றே செய்நிரல் கருதும். எவரும் இரு தொலைபேசிக் குறியீடுகளைக் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. இலக்கங்களால் எழுதப்படினும் அது பெயரே. மேற்கோட்குறிக்குள் நிற்கும் 024 மட்டும் 'சரம்' என விடை கூறி, வவுனியாவாகவே இருக்கும்.